தேன்சிட்டின் அறிவியல் பெயரைப் படிப்பது எப்படி?

செம்பருத்தியிலும் முருங்கைப் பூவிலும் அலகை நுழைத்துத் தேன் குடிக்கும் சிட்டைப் பார்க்காதவர் குறைவு. அதன் அறிவியல் பெயரைத் தேடினால்தான் குழப்பம். பழைய நூல்களில் நெக்டரினியா ஜெய்லோனிகா, இன்றைய பட்டியல்களில் லெப்டோகோமா ஜெய்லோனிகா. இரண்டும் நம் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டுதான். பெயர் ஏன் மாறியது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

படி 1: பறவையை உறுதி செய்யுங்கள்

ஆண் பறவையிலிருந்து தொடங்குங்கள். வயிறு மஞ்சளாக இருந்தால் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. உடல் முழுக்கக் கருநீலமாக மின்னினால் ஊதாத் தேன்சிட்டு. ஏறக்குறைய அப்படியே இருந்து, அலகு நீண்டு நன்றாக வளைந்து, வயிறு பழுப்பாகத் தெரிந்தால் லோட்டன் தேன்சிட்டு. ஓர் எச்சரிக்கை: இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஊதாத் தேன்சிட்டின் ஆணும் அடிப்பக்கம் மஞ்சளாகிவிடும். தொண்டையிலிருந்து வயிறு வரை நடுவே ஓடும் கருங்கோடு அதைக் காட்டிக்கொடுக்கும். பெண் பறவைகளை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

படி 2: பெயரை இரண்டாகப் பிரியுங்கள்

முதல் சொல் பேரினம். நெருங்கிய உறவுப் பறவைகளுக்கெல்லாம் பொது. இரண்டாவது சொல் இந்த இனத்துக்கு உரியது. ஜெய்லோனிகா என்றால் இலங்கையைச் சேர்ந்தது. பறவை இந்தியாவிலும் ஏராளம், ஆனாலும் பெயர் அதேதான். லோட்டன் தேன்சிட்டின் பெயரில் வரும் லோட்டன் என்பவர் 1752 முதல் 1757 வரை இலங்கையில் இருந்த டச்சு ஆளுநர். அங்குள்ள பறவைகளை ஓவியமாக வரையச் செய்தவர்.

இரண்டாவது சொல் தவறான தகவலைச் சொன்னாலும் மாற்ற மாட்டார்கள். தென்கிழக்கு ஆசியாவில் வாழும் ஒரு தேன்சிட்டுக்கு 1788இல் ஜெர்மன் இயற்கையியலாளர் கிமெலின் வைத்த பெயர் பிரேசிலியானா. பிரேசிலில் தேன்சிட்டே கிடையாது! முறைப்படி முதலில் வந்த பெயருக்கே முன்னுரிமை என்பதால் இன்றும் அது லெப்டோகோமா பிரேசிலியானாதான்.

படி 3: அடைப்புக்குறியைப் பாருங்கள்

தொடக்கநிலையினர் தாண்டிப் போகும் இடம் இது. எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி. முழுப் பெயரை இப்படி எழுதுவார்கள்: லெப்டோகோமா ஜெய்லோனிகா (லின்னேயஸ், 1766). பெயர் வைத்தவரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் இருந்தால், அவர் பறவையை வேறொரு பேரினத்தில் வைத்திருந்தார் என்று பொருள். குறி இல்லையென்றால் பேரினம் மாறவில்லை.

இருசொல் பெயர்முறையை வகுத்த லின்னேயஸ் இதற்கு வைத்த பேரினம் செர்தியா. மரமேறிப் பறவைகளின் பேரினம் அது. வளைந்த அலகுள்ள சிறு பறவைகளை அன்று அதில் சேர்த்தார்கள். பிறகு தேன்சிட்டுகள் தனியே பிரிந்தன. நெக்டரினியா என்ற பெரிய கூடையில் நெடுங்காலம் கிடந்து, அதுவும் பல பேரினங்களாக உடைந்தது.

பேரினம் மாறினால் சொல்லின் ஈறும் மாறலாம். ஊதாத் தேன்சிட்டை ஆங்கிலேயப் பறவையியலாளர் லாத்தம் 1790இல் செர்தியா ஏசியாட்டிகா என்றார். லத்தீனில் செர்தியா பெண்பால். இன்றைய பேரினமான சின்னிரிஸ் ஆண்பால் என்பதால் அது இன்று சின்னிரிஸ் ஏசியாட்டிகஸ்.

படி 4: மேலே ஏறிப் பாருங்கள்

பேரினத்துக்கு மேல்நிலை குடும்பம்: நெக்டரினிடே. ஆப்பிரிக்கா, ஆசியா, வடகிழக்கு ஆஸ்திரேலியா வரை ஏறத்தாழ 150 இனங்கள். பூக்கொத்திகள் நெருங்கிய சொந்தம். அதற்கும் மேல்நிலை வரிசை: பாசெரிஃபார்மிஸ், காக்கையும் சிட்டுக்குருவியும் இதில்தான். தேன்சிட்டைப் பலர் ஹம்மிங்பேர்ட் என்கிறார்கள். அது அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழ்வது, உழவாரன்களுக்கு உறவு. பூந்தேனை நம்பி வாழ்ந்ததால் இரண்டுக்கும் அலகும் நாக்கும் ஒத்துப்போயின, அவ்வளவே.

படி 5: துணையினம்

மூன்றாவது சொல் இருந்தால் அது துணையினம், அதாவது ஒரே இனத்துக்குள் உள்ள வட்டார வகை. இலங்கையில் இருப்பது லெப்டோகோமா ஜெய்லோனிகா ஜெய்லோனிகா. தமிழ்நாட்டில் இருப்பது லெப்டோகோமா ஜெய்லோனிகா ஃபிளாவிவெண்ட்ரிஸ். குறிப்பேட்டில் இனம் வரை எழுதினால் போதும்.

இப்போது உங்கள் முறை. மேற்குத் தொடர்ச்சி மலையின் குட்டித் தேன்சிட்டு: லெப்டோகோமா மினிமா (சைக்ஸ், 1832). சைக்ஸ் அதை எந்தப் பேரினத்தில் வைத்தார் என்று தேடிப் பாருங்கள். விடைப் பெயர் இந்தப் பதிவிலேயே வந்திருக்கிறது.