தட்டுவடை எண்ணெயில் எச்.என்.இ. அளப்பது எப்படி?

சேலத்துத் தட்டுவடை பொரித்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால், அதிலுள்ள லினோலெயிக் அமிலம் ஆக்ஸிஜனோடு சேர்ந்து உடையும். அப்போது உண்டாகும் பொருள்களில் ஒன்று 4-ஹைட்ராக்ஸி நோனெனால், சுருக்கமாக எச்.என்.இ. அதை எண்ணெயிலிருந்து பிரிக்கும்போது ஒரு பங்கு தொலைந்துவிடும். எவ்வளவு தொலைந்தது?

மாம்பழ மண்டிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். லோடில் 100 பழத்துக்குச் சாக்பீஸ் குறி போட்டுக் கலந்து அனுப்புகிறோம். 60 குறிப்பழம்தான் போய்ச் சேர்ந்தது என்றால், குறியில்லாத பழமும் அதே விகிதத்தில்தான் தொலைந்திருக்கும். இங்கே சாக்பீஸ் குறி டியூட்டீரியம், அதாவது எடை கூடிய ஹைட்ரஜன். எச்.என்.இ.யின் வால்முனையில் மூன்று ஹைட்ரஜனுக்குப் பதில் மூன்று டியூட்டீரியம் வைத்தது எச்.என்.இ.-டி3. நடத்தை கிட்டத்தட்ட அதேதான், எடை மட்டும் 3 கூடுதல். முனையில் இருப்பதால் தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனோடு இடம் மாறாது.

1. எண்ணெய் எடுத்தவுடன் துளி பி.எச்.டி. சேருங்கள். முனைவர் பட்டம் இல்லை, பியூட்டிலேட்டட் ஹைட்ராக்ஸி டொலுவீன்! மேற்கொண்டு ஆக்ஸிஜனேற்றம் நடக்காமல் தடுக்கும்.

2. 100 மில்லிகிராம் எண்ணெயை எடை போட்டே எடுங்கள். பிப்பெட் முனையின் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு சொட்டே கணக்கைக் கெடுக்கும்.

3. உடனே 10 நானோகிராம் டி3 சேர்த்துக் கலக்குங்கள். இதுதான் உயிர்நாடி. முதல் தடவை நான் டி3-ஐ, எச்.என்.இ.யைப் பிரித்தெடுத்த பிறகுதான் சேர்த்தேன். வழியில் தொலைந்தது கணக்கிலேயே வரவில்லை. ஒரு வார வேலை வீண்.

4. மெத்தனால் ஊற்றிக் குலுக்கி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, மேலே நிற்கும் மெத்தனாலை மட்டும் எடுங்கள்.

5. டைநைட்ரோஃபினைல் ஹைட்ரசீனும் கொஞ்சம் அமிலமும் சேர்த்து இருட்டில் வையுங்கள். எச்.என்.இ. அதோடு பிணைந்தால் கருவிக்கு நன்றாகத் தெரியும்.

6. சி18 காலம் (column, கலவையைப் பிரிக்கும் குழாய்) வழியாக நிறைமாலைமானிக்கு, அதாவது மூலக்கூறுகளை எடைவாரியாகக் காட்டும் கருவிக்கு, அனுப்புங்கள். எதிர்மின் முறையில் (மூலக்கூறுக்கு எதிர்மின்னூட்டம் கொடுத்து அளந்தால்), ஹைட்ரசீனோடு பிணைந்த சாதாரண எச்.என்.இ. 335 எடையிலும் டி3 338-லும் வரும். டி3 இம்மியளவு முந்தி வந்தால் பதற வேண்டாம்.

சரி, கணக்கு. கருவி வரையும் வரைபடத்தில் 335-இன் மேட்டுப் பரப்பு 24,000, 338-இன் மேட்டுப் பரப்பு 60,000 என்று வையுங்கள். விகிதம் 0.4, சேர்த்தது 10 நானோகிராம், ஆக எச்.என்.இ. 4 நானோகிராம். கிராமுக்கு 40. ஆனால் இரண்டுக்கும் கருவி ஒரே அளவு பதில் தருகிறதா என்பதை, தெரிந்த அளவுகளை வைத்து அளவீட்டுக் கோடு போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், எண்ணெயே இல்லாமல் டி3 மட்டும் போட்டு ஒரு குழாயை ஓட்டுங்கள். அதிலும் 335 தலைகாட்டினால், குறியில்லாத பழம் சாக்பீஸ் கூடையிலேயே கலந்திருக்கிறது. அல்லது உங்கள் மெத்தனால் அழுக்கு.