தாஸ்காவில் யாருக்கு எந்த நேரம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், தோட்டத் தொழிலாளர் லயங்கள் போய் தாமான் என்னும் குடியிருப்பு வீடுகள் வந்த பக்கத்தில், ஓர் ஒற்றை மாடி வீட்டில் எங்கள் தாஸ்கா, அதாவது குழந்தைப் பராமரிப்பு மையம், நடக்கிறது. பிள்ளைகள் 23 பேர். பெற்றோரில் பாதிப் பேர் இன்னும் செம்பனைத் தோட்ட வேலைக்குப் போகிறார்கள். மீதிப் பேர் தொழிற்சாலைப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள். காலை ஆறரைக்குக் கதவு திறந்திருக்க வேண்டும்.

1984ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின்கீழ் பதிந்து தாஸ்கா நடத்துகிறவர்களுக்குக் கணக்குத் தெரியும். ஒரு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர். ஒன்றிலிருந்து மூன்று வயது வரை ஐந்து பேருக்கு ஒருவர். மூன்றிலிருந்து நான்கு வரை பத்துப் பேருக்கு ஒருவர். எங்களிடம் 3, 10, 10. ஆக நான்கு பேர் வேண்டும், இருக்கிறார்கள். சமையல் அக்காவும் நானும் அதற்கு மேல். எத்தனை பேர் என்று சட்டம் சொல்லிவிடுகிறது, எவர் எங்கே என்று சொல்வதில்லை. நான் இரண்டு வருடம் வாரத்துக்கு ஒருமுறை எல்லாரையும் சுழற்றிக்கொண்டிருந்தேன், யாரும் குறை சொல்லக் கூடாதே என்று. குறை மட்டும் வாராவாரம் வந்தது.

வேலையைப் பிரிக்கும் முன் வேலை செய்கிறவர்களிடம் எதையும் கேட்காதீர்கள். “உங்களுக்கு என்ன நன்றாக வரும்?” என்று நம் பெண்களிடம் கேட்டால், “எனக்கு என்ன தெரியும் அக்கா, நீங்கள் சொன்னால் செய்கிறேன்” என்றுதான் சொல்வார்கள். தோட்டத்து ஆயாக் கொட்டகையில் இருபது வருடம் பிள்ளை பார்த்த மூத்தக்காவும் அதையேதான் சொன்னார். ஒரு நோட்டு வாங்கி இரண்டு வாரம் பாருங்கள். யார், எந்தப் பிள்ளையிடம், எத்தனை மணிக்கு, என்ன செய்தார். அவ்வளவு போதும். ‘பொறுமைசாலி’, ‘சுறுசுறுப்பானவர்’ என்றெல்லாம் எழுதாதீர்கள். அது நற்சான்றிதழில் எழுதுவது. அதை வைத்து ஒரு வேலையும் பிரிக்க முடியாது.

என் நோட்டில் மூன்றாம் நாள் இப்படி இருக்கிறது: “காலை 6.40. இரண்டு வயதுப் பையன். அம்மா பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். கதவைப் பிடித்துக்கொண்டு அழுகை. சின்னவள் தூக்கவில்லை, பேசவும் இல்லை. பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பயற்றங்காய் ஒடிக்கிறாள். நாலு நிமிடம். பையன் ஒரு காயை எடுத்து ஒடித்தான்.”

சின்னவள் என்று நாங்கள் கூப்பிடும் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. பெற்றோரிடம் பேசச் சொன்னால் வியர்த்துவிடும். அதனாலேயே அவளைப் பின்கட்டில் பால் புட்டி கழுவ வைத்திருந்தேன். ஏழு மாதம். இதை எழுதும்போதும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நோட்டு நிறைந்ததும், அறைக்கு ஓர் ஆள் என்று பிரிக்காமல் நேரத்துக்கு ஓர் ஆள் என்று பிரியுங்கள். எங்கள் இடத்தில் மூச்சு முட்டும் நேரம் நான்கு: காலையில் விட்டுப்போவது, பதினொன்றரைக் குளியலும் சாப்பாடும், தூங்கவைப்பது, மாலை ஐந்தரைக்கு மேல் கூட்டிப்போவது. பழைய காலண்டரின் பின்பக்கத்தில் நான்கு கட்டம் போட்டு அவற்றை மட்டும் முதலில் நிரப்புங்கள். மற்ற நேரத்தில் யார் எங்கே நின்றாலும் பெரிய வித்தியாசம் இல்லை. காலைக் கட்டத்தில் சின்னவள். மாலைக் கட்டத்தில், களைத்து வரும் அம்மாவிடம் பிள்ளை என்ன சாப்பிட்டது, எங்கே விழுந்தது என்று நிதானமாகச் சொல்லத் தெரிந்தவர். அவருக்கு மலாய் தண்ணீர்பட்ட பாடு; கிளினிக்குக்குப் பேசுவதும் சமூக நல இலாகா படிவங்களை நிரப்புவதும் அவர்தான்.

கைக்குழந்தைகளை மட்டும் இந்தக் கட்டங்களுக்குள் இழுக்காதீர்கள். அந்த மூவருக்கும் நாள் முழுக்க ஒரே முகம் வேண்டும். எங்களிடம் அது மூத்தக்கா. குளிப்பாட்டும்போது அவர் கையில் குழந்தை சிணுங்கி நான் பார்த்ததில்லை.

ஆனால் கைராசிக்காரர் என்று எல்லாவற்றையும் அவரிடமே விட்டுவிடவும் முடியாது. அவர் குழந்தையைக் குப்புறப் போட்டுத் தட்டுவார், நொடியில் தூங்கிவிடும். குப்புறப் படுக்கும் கைக்குழந்தை தூக்கத்திலேயே திடீரென இறந்துபோகும் ஆபத்து அதிகம். மல்லாக்கத்தான் கிடத்த வேண்டும். தலையணையோ கனத்த போர்வையோ கூடாது. இதை மற்றவர்கள் முன்னால் சொன்னால் மறுநாள் அவர் வரமாட்டார். பிள்ளைகள் தூங்கிய பிறகு, தேநீர் குடிக்கும்போது சொன்னேன்.

“என் நாலு பிள்ளையும் குப்புறப் படுத்துத்தான் வளர்ந்தன” என்றார்.

“வளர்ந்தன அக்கா. இந்த மூன்றும் நம் பிள்ளைகள் இல்லையே.”

கொஞ்ச நேரம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் மூன்று தொட்டிலிலும் இருந்த தலையணைகளை எடுத்து அலமாரியில் வைத்தார். இப்போது தூங்கவைப்பது அவர். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதுவது, குழந்தைப் பராமரிப்புப் பயிற்சியை அண்மையில் முடித்து வந்த இன்னொரு பெண்.

அடுத்து, எந்தத் திறமையும் ஒரே ஆளிடம் தங்கிவிடக் கூடாது. சின்னவள் அக்காள் கல்யாணத்துக்கு மூன்று நாள் விடுப்பில் போனாள். முதல் நாள் காலையில் ஏழு பேர் ஒரே நேரத்தில் அழுதார்கள். ஒரு குழந்தை வாந்தியே எடுத்துவிட்டது. அவளைச் சரியான இடத்தில் போட்டேன் என்று நான் பூரித்திருந்ததுதான் மிச்சம். இப்போது வெள்ளிக்கிழமை தூக்க நேரத்தில் ஒருவர் மற்றவர்களுக்குக் கால் மணி நேரம் செய்து காட்ட வேண்டும். பேச வேண்டாம், செய்து காட்டினால் போதும். சின்னவள் காட்டியது: அம்மாவின் இடுப்பிலிருந்து பிள்ளையைப் பிடுங்கக் கூடாது; தரையில் உட்கார வேண்டும்; கையில் ஏதாவது வேலை இருக்க வேண்டும்; அம்மாவின் கைக்குட்டையைக் கேட்டு வாங்கிப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். கடைசி விஷயம் எனக்கே புதிது. சமையலறைக்கு மட்டும் நினைத்தவரை மாற்றாளாக விட முடியாது: உணவு கையாளுவோர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் வேண்டும். எங்களில் இருவருக்கு உண்டு.

நன்றாகச் செய்கிறவர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டாதீர்கள். முன்பு ஒரு பெண் பிள்ளைகளைப் பற்றி அழகாகக் குறிப்பு எழுதுவாள். எழுத்து நன்றாக இருக்கிறதே என்று 23 பிள்ளைகளின் குறிப்பேட்டையும் அவளிடம் தள்ளினேன். ஈப்போவில் ஒரு பாலர் பள்ளிக்குப் போய்விட்டாள். போகும்போது கோபமாகக்கூட எதுவும் சொல்லவில்லை. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆன பிறகு அதற்கு மேல் கூட்டித் தர எங்கள் கையில் பெரிதாக இல்லை. தர முடிந்தது நேரம்தான். குறிப்பு எழுதுகிறவருக்கு அந்த ஒரு மணி நேரம் டயப்பர் மாற்றும் வேலை இல்லை என்று கட்டத்திலேயே எழுதிவிடுகிறேன்.

கட்டத்தைப் பென்சிலால் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டை மறுபடி எடுங்கள். பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள், ஆட்களும் மாறியிருப்பார்கள். போன முறை அப்படிப் பார்த்தபோதுதான், பத்தரை மணிக்கு மூன்று வயதுக்காரர்கள் சமையலறை வாசலில் போய் நிற்பது தெரிந்தது. சமையல் அக்கா அங்கே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். இப்போது செவ்வாய்தோறும் கூடத்தில் பாய் விரித்து, ஆளுக்கு ஓர் இணுக்கு கொடுக்கிறார். அன்றைக்குப் பொரியலில் காம்பு கிடக்கும். பொறுக்கி எடுத்துவிட்டுச் சாப்பிடுகிறோம்.