டெர்மினலில் ஏரி அளவை வரையும்போது எங்கெல்லாம் தப்பு நடக்கிறது

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் காலையில் எனக்கு முதல் வேலை, குடிநீர் வாரியம் வெளியிடும் ஏரிகளின் அளவைப் பார்த்து ஒரு கோப்பில் சேர்ப்பதுதான். அப்புறம் டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்துத் திரையில், # குறிகளாலேயே ஒரு பட்டை வரைபடம். எக்செல் வேண்டாம், பிரவுசர் வேண்டாம். சென்னையில் இருப்பவர்களுக்கு இந்த எண்கள் எவ்வளவு முக்கியம் என்று 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் பட்டை தப்பாக வந்தால் எனக்குப் பொறுக்காது.

நான்கு ஏரிகளின் முழுக் கொள்ளளவையே எடுத்துக்கொள்வோம், மில்லியன் கன அடியில். செம்பரம்பாக்கம் 3645, புழல் 3300, பூண்டி 3231, சோழவரம் 1081. பெரிய ஏரிக்கு 30 குறி என்று வைத்தால், மற்றவற்றைப் பெரிய எண்ணால் வகுத்து 30-ஆல் பெருக்க வேண்டும். டெர்மினலில் கட்டளைகளை ஓட்டும் பேஷில் (bash) இதை அப்படியே எழுதினால் செம்பரம்பாக்கத்துக்கு மட்டும் முழுப் பட்டை வரும், மற்ற மூன்றும் காலி. காரணம், பேஷுக்கு முழு எண் கணக்குதான் தெரியும். 3300-ஐ 3645-ஆல் வகுத்தால் அதற்குக் கிடைப்பது 0. அதை எத்தனையால் பெருக்கினாலும் 0-தான். முதலில் பெருக்குங்கள், பிறகு வகுங்கள்.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சோழவரத்துக்கு வர வேண்டியது 8.9 குறி. பேஷ் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டி 8 போடும். வகுப்பதற்கு முன் 3645-இல் பாதியைக் கூட்டிவிட்டால் சரியாக 9 வரும்.

3645 ############################## செம்பரம்பாக்கம்
3300 ########################### புழல்
3231 ########################### பூண்டி
1081 ######### சோழவரம்

புழலும் பூண்டியும் ஒரே நீளம். 30 குறிக்குள் 69 மில்லியன் கன அடி வித்தியாசம் தெரியாது. அதனால் பட்டையோடு எண்ணையும் அச்சிடாமல் விடாதீர்கள்.

ஊர்ப்பெயரை ஏன் கடைசியில் வைத்தேன்? தமிழில் வரைகிற எல்லோரும் இங்கேதான் தடுமாறுவார்கள். பெயரை முதலில் போட்டு, அச்சிடும் கட்டளையான பிரின்ட்எஃப்பிடம் (printf) 20 இடம் ஒதுக்கச் சொன்னால், அது எழுத்தை எண்ணாது, எழுத்தைச் சேமிக்கும் பைட்டை எண்ணும். ‘புழல்’ கண்ணுக்கு 3 எழுத்து. யூனிகோடில் 5 குறியீடு. அவற்றைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், ஆக 15. மீதி 5 இடைவெளிதான் சேரும். ‘செம்பரம்பாக்கம்’ 45 பைட், அதற்கு ஒரு இடைவெளிகூடக் கிடைக்காது. பட்டைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் தொடங்கினால் ஒப்பிடவே முடியாது. ஜிஆக் (gawk) என்ற கட்டளை பைட்டுக்குப் பதிலாகக் குறியீட்டை எண்ணும், ஆனாலும் 3-க்குப் பதில் 5 என்றுதான் கணக்கு வைக்கும். எழுத்துருவைப் பொறுத்து அகலமும் மாறும். எண், பட்டை, பெயர் என்ற வரிசையே நிம்மதி.

இதே பைட் சிக்கல் #-க்குப் பதிலாக █ போட ஆசைப்படும்போதும் வரும். ஓர் எழுத்தை இன்னொன்றாக மாற்ற லினக்ஸில் உள்ள டிஆர் (tr) கட்டளை பைட்டுக்கு பைட் மாற்றுவது. █ என்பது 3 பைட் என்பதால் திரையில் குப்பைதான் விழும். அந்த வேலையைச் செட் (sed) கட்டளையிடம் கொடுங்கள்.

ஒரே வரியில் ▁▂█ என்று வரைவதில் எனக்குக் கொஞ்சம் பயம் உண்டு. பல ஸ்கிரிப்டுகள் இருப்பதில் சிறிய எண்ணை அடிமட்டமாக எடுத்துக்கொள்கின்றன. பூண்டி, புழல், செம்பரம்பாக்கம் மூன்றையும் கொடுத்தால் அச்சு அசல் ▁▂█ என்றே வரும். பார்ப்பவர் பூண்டி குட்டை என்று நினைப்பார். அளவைக் காட்டுகிற வரைபடத்தில் அடிமட்டம் 0-ஆக இருக்கட்டும்.

மழை அளவில் வேறு சிக்கல். 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. அந்த ஒரு நாள் இருந்தால் மற்ற நாட்களெல்லாம் ஒற்றைக் குறியாகச் சுருங்கிவிடும். மடக்கை அளவுகோல் போடலாம் என்பார்கள். ஆனால் மழை இல்லாத நாளின் 0-க்கு மடக்கை கிடையாது, நீளத்தை நீளமாகவே படிக்கிற கண்ணுக்கும் அது பொருந்தாது. பட்டையை ஓர் எல்லையில் வெட்டி, நுனியில் + குறி போட்டு, உண்மையான எண்ணை எழுதுவதையே நான் செய்வேன்.

அதைவிட முக்கியமானது விடுபட்ட நாள். ஒரே மாதிரி வரிகளை எண்ணும் யுனிக் மைனஸ் சி (uniq -c) கட்டளையைப் போட்டு நாள்வாரியாக எண்ணினால், ஒரு பதிவும் இல்லாத நாள் பட்டியலிலேயே இருக்காது. வறண்ட பத்து நாள் காணாமல் போய், இரண்டு மழையும் அடுத்தடுத்து வந்ததுபோல் தெரியும். தேதிகளை முதலில் முழுதாக உருவாக்கிக்கொண்டு அதோடு இணையுங்கள். மழை இல்லாத நாளுக்கு 0, அளவே எடுக்காத நாளுக்குக் கேள்விக்குறி. யுனிக் அடுத்தடுத்த வரிகளை மட்டுமே சேர்க்கும், அதனால் அதற்கு முன் வரிகளை வரிசைப்படுத்தும் சார்ட் (sort) கட்டாயம். எண்களை வரிசைப்படுத்தும்போது சார்ட்டுக்கு மைனஸ் என் (-n) போட மறந்தால் 1081 வந்த பிறகுதான் 950 வரும்.

கையால் ஓட்டும்போது நன்றாக வந்த படம், குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் (cron) போட்டதும் மெயிலில் கேள்விக்குறிகளாக வந்து சேரும். அங்கே டெர்மினல் கிடையாது, மொழி அமைப்பும் (locale) பெரும்பாலும் யூடிஎஃப்-8 ஆக இருக்காது. ஸ்கிரிப்டின் முதல் வரிகளிலேயே மொழி அமைப்பையும் பட்டையின் அகலத்தையும் நீங்களே எழுதிவிடுங்கள். வண்ணக் குறியீடுகளை, வெளியீடு திரைக்குப் போகிறதா என்று பார்த்துவிட்டு மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.