காப்ஸ்யூலா, பழைய சோறா? சின்பயாடிக் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியாவையும் (புரோபயாடிக்) அதன் தீனியையும் சேர்த்துத் தருவதுதான் சின்பயாடிக். அந்தக் காப்ஸ்யூல் அட்டையின் பின்பக்கத்தை நிதானமாகப் படித்துப் பாருங்கள். நல்ல பாக்டீரியா இத்தனை கோடி என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அந்தப் பாக்டீரியாவுக்குத் தீனியாகும் நார்ச்சத்து, அதாவது பிரீபயாடிக், பல அட்டைகளில் 100 மில்லிகிராம்தான். 2017இல் வெளியான ஒடிசா ஆய்வில் பிறந்து சில நாளே ஆன சிசுக்களுக்கே தினம் 150 மில்லிகிராம் கொடுத்தார்கள். இனுலின் என்ற பிரீபயாடிக் நார்ச்சத்தைப் பெரியவர்களுக்குக் கொடுத்துச் செய்த ஆய்வுகளில் பெரும்பாலும் நாளுக்குப் பல கிராம். ஒரு காப்ஸ்யூலுக்குள் அது அடங்கவே அடங்காது. அளவைப் பார்க்காமல் பெயரை நம்பி வாங்குவதுதான் முதல் தவறு.

அடுத்தது, இதை வைட்டமின் சி மாத்திரை போல ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட் (செல்களை ஆக்ஸிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்கும் பொருள்) என்று நினைத்துக்கொள்வது. இது வேலை செய்யும் விதமே வேறு. பெருங்குடலில் பாக்டீரியா நார்ச்சத்தைப் புளிக்கவைக்கும்போது பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் எரிபொருள். உடல் தானாகவே தயாரிக்கும் குளுடாதயோன் போன்ற காப்புப் பொருட்களுக்கும் இதிலிருந்து ஒரு தூண்டுதல் கிடைப்பதாகத் தெரிகிறது. சின்பயாடிக் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் குளுடாதயோன் கூடியிருக்கிறது, கொழுப்பு ஆக்ஸிஜனேற்றம் அடைந்ததைக் காட்டும் மாலோன்டைஆல்டிஹைடு குறைந்திருக்கிறது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. சரி, நல்ல செய்திதான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சில டஜன் பேரை வைத்து இரண்டு மூன்று மாதம் நடந்த சிறிய ஆய்வுகள். ரத்தப் பரிசோதனையில் ஒரு எண் மாறுவதும் நோய் விலகுவதும் ஒன்றல்ல. இதை நம்பி கீரையையும் பழத்தையும் விட்டவருக்கு நஷ்டம்தான்.

'எந்த பாக்டீரியாவாக இருந்தால் என்ன' என்பதும் தவறு. ஒடிசா கிராமங்களில் 4,556 சிசுக்களை வைத்து நடந்த அந்த ஆய்வில் ரத்தத்தில் பரவும் கிருமித்தொற்றும் இறப்பும் சேர்ந்து 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தன. அது லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம் வகையில் குறிப்பிட்ட ஒரே ஒரு ரகத்துக்குக் கிடைத்த பலன். வேறு ரகம் அந்தப் பெருமையில் பங்கு கேட்க முடியாது.

வீட்டுச் சமையலுக்கு வருவோம். இட்லி மாவு புளிக்கும்போது அதில் பாக்டீரியா கோடிக்கணக்கில் பெருகும். ஆவியில் வெந்ததும் அநேகமாக எல்லாம் செத்துவிடும். கொதித்த மோர்க்குழம்பிலும் இதே கதைதான். இரண்டும் நல்ல சாப்பாடுதான், ஆனால் புரோபயாடிக் கணக்கில் சேராது. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு வேறு ரகம். ஆறிய சோற்றின் மாவுச்சத்தில் ஒரு பகுதி செரிக்காமல் பெருங்குடல்வரை போகிறது. நீராகாரத்தில் லாக்டிக் அமில பாக்டீரியா உயிரோடு இருக்கிறது. கடித்துக்கொள்ளும் சின்ன வெங்காயத்தில் இனுலின் வகை நார்ச்சத்து. வீட்டுப் பானையில் எந்த ரகம் வளர்கிறது என்று சொல்ல முடியாதுதான். ஆனாலும் காப்ஸ்யூலுக்குக் கொடுக்கும் காசை நினைத்தால் என் ஓட்டு பானைக்குத்தான். தொட்டுக்கொள்ளும் உப்பு மோர்மிளகாயை மட்டும் ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் எண்ணிச் சாப்பிடுங்கள்.

முதல் நாளே இனுலின் பவுடரை இரண்டு ஸ்பூன் கலக்கிக் குடித்துவிட்டு, வயிறு உப்பி, 'எனக்கு ஒத்துக்கவில்லை' என்று நிறுத்துபவர்கள் உண்டு. அரை ஸ்பூனில் தொடங்கி வாரக் கணக்கில் கூட்டுங்கள். எரிச்சல் குடல் தொல்லை உள்ளவர்களுக்குப் பச்சை வெங்காயமே ஆகாமல் போகலாம். அப்புறம், ஆன்டிபயாடிக்கையும் சின்பயாடிக் காப்ஸ்யூலையும் ஒரே வாயில் விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

கடைசியாக, 'பக்கவிளைவே கிடையாது' என்ற பேச்சு. 2008இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், திடீர்க் கணைய அழற்சி வந்து, அது தீவிரமாகும் என்று கணிக்கப்பட்டவர்களுக்குப் புரோபயாடிக் கொடுத்த பிரிவில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள். கொடுக்காத பிரிவில் 6 சதவீதம். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவருக்கோ, எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்கோ, டாக்டரைக் கேட்காமல் இதைக் கொடுக்கவே கூடாது.