பீச் காப்ளர் அடியில் கருகாமல், மேலே பச்சையாக நிற்காமல்

முகாமில் டச் ஓவனில் (அடியிலும் மூடிமேலும் கரி வைத்துச் சுடும் கனத்த இரும்புப் பாத்திரம்) செய்த பீச் காப்ளரை (பீச் பழத்தின் மேல் மாவு பரப்பிச் சுடும் இனிப்பு) பிள்ளைகள் ஒரு வாயோடு தள்ளிவிட்டால், முதலில் கரியைச் சந்தேகியுங்கள். 12 அங்குல ஓவன் சுமார் 175 டிகிரி செல்சியஸுக்கு வர 24 கரிக்கட்டிகள் வேண்டும்: மூடிமேல் 16, அடியில் 8. பலர் பாதிக்குப் பாதி பிரிப்பார்கள். பழச்சர்க்கரை கருகும், மேல்மாவு வேகாது. அடிக்கரியை நடுவில் குவிக்காமல் விளிம்பையொட்டி வட்டமாக வையுங்கள். 15 நிமிடத்துக்கு ஒருமுறை பாத்திரத்தை ஒரு பக்கமும் மூடியை எதிர்ப்பக்கமுமாகக் கால் சுற்று திருப்புங்கள்.

டின் பழத்தின் பாகில் பாதியை வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கூழ்தான். மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் சூடு போய்விடும். 40 நிமிடம் பொறுங்கள். காற்றடித்தால் கரி சீக்கிரம் சாம்பலாகும், கூடுதலாகப் பத்துக் கட்டிகளைப் பற்றவைத்திருங்கள்.