கேம்பர் வேனில் தீயணைப்பான்: எங்கே தவறுகிறோம்?

டெம்போ டிராவலரை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, குட்டி ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்து கேம்பராக மாற்றுகிறவர்கள் இப்போது நிறையப் பேர். உள்ளே ஏறிப் பார்த்தால் தீயணைப்பான் எப்படியும் இருக்கும். அது மாட்டியிருக்கும் இடம்தான் வில்லங்கம். ஒன்று, அடுப்புக்கு மேலே. இல்லாவிட்டால் கட்டிலுக்கு அடியில், மடக்கு நாற்காலிக்கும் செருப்புப் பைக்கும் பின்னால்.

அடுப்பில்தானே தீப்பிடிக்கும், பக்கத்திலேயே இருக்கட்டும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால், அந்தத் தீயைத் தாண்டிக் கையை நீட்டித்தான் தீயணைப்பானை எடுக்க வேண்டும். அது இருக்க வேண்டிய இடம் வாசல். அமெரிக்காவில் கேம்பர்களுக்கான விதி, பிரதான வாசலில் இருந்து சுமார் 2 அடிக்குள் ஒன்று இருக்க வேண்டும் என்கிறது. காரணம் எளிது. வாசலில் நின்று அடித்தால் தப்பிக்கும் வழி உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். தீ அடங்கவில்லையா, ஓர் அடி பின்னால் வைத்தால் தரையில் இறங்கிவிடலாம். வண்டி போனால் போகட்டும்.

கட்டில் பின்பக்கமும் அடுப்பு நடுவிலும் இருந்தால், தூங்குகிறவருக்கும் வாசலுக்கும் நடுவே தீ நிற்கும். அப்படிப்பட்ட வண்டியில் கட்டில் ஓரமாக இன்னொன்று வேண்டும். அதைவிட முக்கியம், பின்கதவு உள்ளிருந்து திறக்கிறதா என்பது. கதவின் உட்பக்கக் கைப்பிடியை மூடி அழகாக ப்ளைவுட் அடித்துவிடுகிற ஆசாரிகள் உண்டு. டெலிவரி எடுக்கும்போதே உள்ளே படுத்து, விளக்கை அணைத்து, கதவைத் திறந்து பாருங்கள்.

அடுத்தது, மாட்டுகிற விதம். தீயணைப்பானோடு பெட்டியில் வரும் கொக்கி கட்டடச் சுவருக்கானது. சிலிண்டரை அதில் சும்மா தொங்கவிட வேண்டியதுதான். வேகத்தடையில் ஒரு தூக்கு தூக்கினால் கழன்றுவிடும். வண்டிக்கு, உடம்பைச் சுற்றிப் பட்டை போட்டு கிளிப்பால் இறுக்கும் இரும்பு பிராக்கெட்டைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அதையும் மெல்லிய ப்ளைவுட்டில் மர ஸ்க்ரூ அடித்து நிறுத்தாதீர்கள். வண்டியின் இரும்புச் சட்டத்தில் துளை போட்டு, போல்ட், வாஷர், நட் போட்டு முடுக்க வேண்டும். 2 கிலோ பவுடர் என்று எழுதியிருந்தாலும் சிலிண்டரோடு சேர்ந்த எடை 3 கிலோவைத் தாண்டும். திடீர் பிரேக்கில் அது பறந்து வந்து மண்டையில் அடிக்கலாம். உருண்டு வந்து டிரைவரின் பிரேக் பெடலுக்கு அடியிலும் சிக்கலாம்.

சரி, எந்த வகை? பவுடர் சிதறிப் பொருளெல்லாம் பாழாகும் என்று சிலர் கார்பன் டை ஆக்சைடு வாங்குகிறார்கள். அலுவலக சர்வர் அறைக்குச் சரி. கேம்பர் போன்ற சின்ன இடத்தில் அந்த வாயு ஆக்சிஜனை விரட்டி, அடிக்கிறவரையே மயங்க வைக்கும். பெரும்பாலானோருக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15683 என்ற தர எண்ணும் உள்ள ஏபிசி பவுடர்தான் பொருத்தம். ஏ, பி, சி என்பவை அது அணைக்கும் தீயின் வகைகள். 1 கிலோ சிலிண்டர் 8, 10 விநாடியில் காலியாகிவிடும். பதற்றத்தில் பாதி வீணாகும். அதனால் 2 கிலோ வாங்குங்கள். டாஷ்போர்டில் வைக்கும் ஸ்ப்ரே டப்பாவை நம்பி இறங்க வேண்டாம்.

வெளிநாட்டுச் சரக்கை இணையத்தில் வாங்குகிறவர்கள் எழுத்தைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் ‘சி’ என்றால் எரிவாயுத் தீ. அமெரிக்க லேபிளில் அதே எழுத்து மின்சாரத் தீ. எரிவாயு அங்கே ‘பி’க்குள் வந்துவிடும்.

எல்லாத் தீயையும் பவுடரே பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பதும் தவறு. பவுடர் சூட்டைத் தணிக்காது. கொதிக்கிற எண்ணெய் அணைந்த மாதிரி அணைந்து மறுபடி பற்றும். அதற்கு அடுப்பை நிறுத்திவிட்டு, அளவான தட்டையோ தீப்போர்வையையோ போட்டு மூடி, ஆறும் வரை திறக்காமல் விடுவதே வழி. தண்ணீர் மட்டும் கூடாது.

கேஸ் கசிந்து எரிந்தால் ரெகுலேட்டரை மூடுவதுதான் முதல் வேலை. மூடாமல் தீயை மட்டும் அணைத்தால், காற்றைவிடக் கனமான அந்த வாயு தரையோடு தரையாகத் தேங்கி, அடுத்த பொறிக்குக் காத்திருக்கும். ரெகுலேட்டரை எட்ட முடியாவிட்டால் இறங்கி ஓடுங்கள். 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில், விதியை மீறிக் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். குறுகலான வாசலும் கேஸும் சேர்ந்தால் நேரமே கிடைக்காது.

லித்தியம் பேட்டரி புகைய ஆரம்பித்தாலும் அப்படித்தான். பவுடர் அதன் உள்சூட்டைத் தொடாது. எல்லோரையும் இறக்கி, தள்ளி நின்று, 112ஐயோ 101ஐயோ அழையுங்கள்.

வாங்கி மாட்டியதோடு மறந்துவிடுவது கடைசித் தவறு. அழுத்தம் காட்டும் கேஜ் முள் பச்சையில் நிற்கிறதா, பாதுகாப்பு ஊசியும் (பின்) சீலும் இருக்கின்றனவா என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் ஒரு பார்வை பார்த்தால் போதும். வெயில் நேரே விழும் கண்ணாடி ஓரத்தில் வைக்காதீர்கள். மூடிய வண்டி மே மாதத்தில் அடுப்பு மாதிரி ஆகிவிடும். அப்புறம், வேலை செய்கிறதா என்று லேசாக அழுத்திப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். ஒரு தடவை அழுத்தினாலே பவுடர் வால்வில் சிக்கிக்கொள்ளும். அழுத்தம் மெல்லக் கசிந்து சில நாட்களில் முள் சிவப்புக்கு வந்துவிடும். அழுத்திவிட்டீர்கள் என்றால் ரீஃபில் செய்த பிறகே வண்டியை எடுங்கள்.