சுவிட்சைத் திறப்பதற்கு முன்: நான் செய்து நொந்துபோன தவறுகள்

போன வாரம் தெரிந்த பையன் ஒருவன் தான் முதன்முதலாகக் கட்டிய மெக்கானிக்கல் கீபோர்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். “அண்ணா, தட்டினா சேத்துல கால் வெச்ச மாதிரி இருக்கு. சுவிட்ச் மட்டமா?” என்றான். ஒவ்வொரு கீக்கு அடியிலும் இருக்கும் சுவிட்சுகளில் ஒன்றைப் பிடுங்கித் திறந்தேன். கீயோடு சேர்ந்து ஏறி இறங்கும் தண்டான ஸ்டெம்மின் கால் இடுக்கு முழுக்க வெள்ளை வெளேரென்று லூப், அதாவது வழவழப்புக்காகப் பூசும் மசகு. சுவிட்ச் மேல் ஒரு குற்றமும் இல்லை. சில வருடங்களுக்கு முன் நான் செய்த கோளாறு, அச்சு அசலாக அப்படியே.

சாக்கெட்டில் செருகும்போது பின் வளைவது, ஸ்பிரிங் தெறித்துக் கட்டிலுக்கு அடியில் ஓடுவது எல்லாம் இரண்டாம் நாளே தானாகப் புரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே மூச்சில் மொத்த செட்டையும் லூப் செய்வது

இது ஒன்றுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்று என்னிடம் 70 டாக்டைல் சுவிட்ச் இருந்தது. அழுத்தத் தொடங்கியதுமே விரலில் ஒரு மேடு தட்டும், அருமையான சுவிட்ச். கொஞ்சம் கரகரப்பு இருந்தது, அவ்வளவுதான். அதைப் போக்கலாம் என்று கிரைடாக்ஸ் 205ஜி0 வாங்கி உட்கார்ந்தேன். மேடே இல்லாமல் சீராக இறங்கும் லீனியர் சுவிட்சுக்கு எல்லாரும் சொல்வது அதைத்தான். எண்ணெய் இல்லை, கெட்டியான கிரீஸ். கொஞ்சம் பூசினால் வழவழப்பு என்றால் நிறையப் பூசினால் இன்னும் வழவழப்பு என்பது என் கணக்கு. சாயங்காலம் தொடங்கி, விடிகாலை மூன்று மணிக்கு எழுபதாவதை மூடினேன். நடுவில் ஒன்றையாவது கீபோர்டில் செருகித் தட்டிப் பார்த்தேனா? இல்லை. எல்லாவற்றையும் செருகிவிட்டுத் தட்டினால் மேட்டைக் காணோம்.

டாக்டைல் சுவிட்சில் அந்த மேடு எங்கிருந்து வருகிறது என்று அப்போதுதான் யோசித்தேன். ஸ்டெம்மின் ஒரு பக்கத்தில் இரண்டு சின்னக் கால்கள் இருக்கும். அவற்றில் ஒரு புடைப்பு. கீயை அழுத்தும்போது அந்தப் புடைப்பு லீஃப் என்கிற மெல்லிய உலோகத் தகட்டை உரசிக்கொண்டு தாண்டுகிறது. காசு கொடுத்து நாம் வாங்கியதே அந்த உரசலைத்தான். அங்கே போய்க் கெட்டி கிரீஸைத் தடவினால் மேடு மழுங்காமல் என்ன செய்யும்? டாக்டைல் என்றால் காலைத் தொடக்கூடாது. ஸ்டெம்மின் பக்கவாட்டுகள், அவை ஓடும் அடி ஹவுசிங்கின் (சுவிட்சின் அடிக்கூடு) தடங்கள், ஸ்பிரிங்கின் இரண்டு முனைகள், அதோடு சரி. லூப்பும் டிரைபோசிஸ் 3203 போல மெல்லியதாக இருந்தால் நல்லது.

பூசியதை எடுத்துவிடலாமே என்று ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறப்போட்டேன். போகவில்லை. கிரைடாக்ஸின் அடிப்படை ஃபுளோரின் சேர்ந்த எண்ணெய். தண்ணீரிலும் கரையாது, இந்த ஆல்கஹாலிலும் கரையாது. ஒவ்வொரு ஸ்டெம்மாகத் துணியால் துடைத்து, இடுக்கில் பழைய டூத்பிரஷ் விட்டுத் தேய்த்தேன். பூச ஓர் இரவு, எடுக்க நான்கு நாள். அப்படியும் பழைய மேடு முழுசாகத் திரும்பவில்லை.

இப்போதெல்லாம் முதலில் நாலே நாலு சுவிட்ச். 0 அல்லது 00 அளவு பிரஷ். லூப்பைத் தொட்டதும் டப்பியின் விளிம்பில் இரண்டு பக்கமும் வழித்துவிடுகிறேன். பூசிய இடம் ஈரம் பட்டதுபோல மினுங்கினால் போதும், வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம். அந்த நாலையும் இடது கை விரல்கள் உட்காரும் வரிசையில் செருகிவிட்டு, வலது பக்கம் தொடாத சுவிட்சுகளை வைத்து ஒரு நாள் வேலை பார்க்கிறேன். குறைவாகப் போட்டிருந்தால் திறந்து இன்னும் கொஞ்சம் போடலாம். கூடிப்போனால்தான் நான் பட்ட பாடு. இப்போது பல சுவிட்சுகள் தொழிற்சாலையிலேயே லூப் போட்டு வருகின்றன, அதனால் ஒன்றைத் திறந்து பார்க்காமல் பிரஷைக் கையில் எடுப்பதே தப்பு.

சாம்பிள் கட்டையில் அழுத்திப் பார்த்து முடிவெடுப்பது

ஒன்பது சுவிட்ச் பதித்த சாம்பிள் கட்டையை ஒற்றை விரலால் மெதுவாக அழுத்தி அழுத்திப் பார்க்கிறோம். யார் அப்படித் தட்டச்சு செய்கிறார்கள்? லீனியரா டாக்டைலா என்று பிரித்தறிய அது உதவும், அதற்கு மேல் கிடையாது. சத்தத்தை ஒப்பிட அதை நம்பவே வேண்டாம். சுவிட்சுகளைப் பிடித்து வைக்கும் தகடுதான் பிளேட்; ஒரே சுவிட்ச் அலுமினியப் பிளேட்டில் ஒரு மாதிரி, பாலிகார்பனேட் பிளேட்டில் வேறு மாதிரி கேட்கும். விரல் படும் மூடியான கீகேப் மாறினாலும் மாறும். ஒப்பிடுவதென்றால் கீபோர்டு, பிளேட், கீகேப் எல்லாம் அப்படியே இருக்க, சுவிட்ச் மட்டும் மாற வேண்டும்.

கிராமுக்குக் கிராம் ஒப்பிடுவது

செர்ரி எம்எக்ஸ் ரெட்டுக்கு 45, பிளாக்குக்கு 60 என்கிறார்களே, அது கீ பதிவாகும் இடத்தில், அதாவது 2 மில்லிமீட்டர் இறங்கியதும் உள்ள விசை. கீயின் முழு இறக்கம் 4 மில்லிமீட்டர். தனியாக விற்கும் ஸ்பிரிங்குகளில் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் அடியைத் தொடும்போது உள்ள விசை. 62 கிராம் ஸ்பிரிங்கை வாங்கிப் போட்டுவிட்டு, பிளாக் மாதிரி இல்லையே, லேசாக இருக்கிறதே என்று கேட்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள். எண் எந்த இடத்துக்கானது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கிளிக்கிக்கு லூப்

வேண்டாம். தட்டும்போது வரும் அந்த ‘கிளிக்’ சத்தம் பிடித்துத்தானே வாங்கினீர்கள்?

எல்லாவற்றுக்கும் ஃபிலிம்

ஃபிலிம் என்பது மேல் ஹவுசிங்குக்கும் அடி ஹவுசிங்குக்கும் நடுவே வைக்கும் மெல்லிய தாள். மேல் ஹவுசிங்கை இரண்டு விரலால் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் போடலாம். ஆடாத சுவிட்சில் திணித்தால் கொக்கி சரியாக மாட்டாது, கீகேப்பைக் கழற்றும்போது மேல் மூடியும் சேர்ந்து வரும்.

ஸ்பேஸ்பார் கடகடத்தால்

அது நீளமான கீ சாயாமல் தாங்கும் ஸ்டெபிலைசர். சுவிட்சை விடுங்கள்.

ஸ்டெம்மைத் திருப்பிப் போடுவது

எழுபதைத் திறந்து மூடும்போது ஒன்றிரண்டில் இது நடக்காமல் இருக்காது. ஸ்டெம்மின் கால்கள் லீஃபைப் பார்த்து இருக்க வேண்டும். கையை எடுத்த நிலையில் லீஃபின் தொடுமுனைகளைத் தள்ளிப் பிரித்து வைத்திருப்பதே அந்தக் கால்கள்தான். திருப்பிப் போட்டால் தள்ள ஆளில்லாமல் முனைகள் ஒட்டியே இருக்கும், தொடாத கீயிலிருந்து ஒரே எழுத்து திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். பலகையே போச்சு என்று பதற வேண்டாம், அந்தச் சுவிட்சை மட்டும் திறந்து பாருங்கள். ஒரு தட்டலுக்கு இரண்டு எழுத்து விழுந்தாலோ, சில தட்டல் விழாமல் போனாலோ, லீஃப் வளைந்திருக்கும், இல்லை தொடுமுனையில் கிரீஸ் ஏறியிருக்கும்.